பூமி குலுங்கிய மறுநாள்

செத்துப்போனதாக எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்லும் ஒரு ஹார்ட் டிஸ்க், செத்ததற்கு அடுத்த வருஷத்துச் சம்பளப் பட்டியலையும் போட்டுக் கொடுத்திருக்கிறது. சித்தப்பாவின் பழைய ரிஜிஸ்டரில் இதைப் பார்த்த பிறகு அந்தக் கதையை என்னால் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

கதை இதுதான். 1990களின் தொடக்கம். கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டை பக்கம் ஓர் ஆபீஸில் சித்தப்பா கணக்குப் பிரிவில் இருந்தார். எங்கள் ஊரான பேத்தமங்களாவிலிருந்து காலை முதல் பஸ்ஸில் போவார். அங்கே ஒரு 286 சர்வர், அதில் நெட்வேர் என்ற நெட்வொர்க் மென்பொருள், அதோடு கேபிளில் கோத்த ஏழெட்டு கம்ப்யூட்டர்கள். ஒரு பொங்கலுக்கு முந்தின வாரம், ராத்திரியில் பெரிய ஏர் பிளாஸ்ட், அதாவது தங்கச் சுரங்கத்துக்குள் பாறை வெடிப்பு. சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் பாத்திரமெல்லாம் உருண்டது என்பார்கள். காலையில் சர்வர் எழுந்திருக்கவில்லை. சம்பளம் தள்ளிப்போனது. "பூமி குலுங்கினதுல டிஸ்க் செத்துட்டுது" என்று அன்று யாரோ சொன்னது, கல்யாண வீடுகளிலும் காரியங்களிலும் சொல்லிச் சொல்லி இறுகிவிட்டது.

எங்கள் ஊரில் எது உடைந்தாலும் பழி சுரங்கத்தின் மேல்தான் விழும். அதற்கு நியாயம் உண்டு. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே வெட்டிப் போன சுரங்கம். பாறை அழுத்தம் தாங்காமல் வெடிப்பதைப் பதிவு செய்ய 1912-லேயே தங்கவயலில் நிலநடுக்கமானி வைத்தார்கள். ஆனால் நியாயம் இருப்பதாலேயே யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. என்னை உறுத்தியது அதுதான்.

ரிஜிஸ்டர் நீளமான கணக்கு நோட்டு. தேதி, நேரம், கோளாறு, செய்தது, கையெழுத்து என்று ஐந்து கட்டம். அந்த நாளின் பக்கத்தில் சித்தப்பா எழுதியிருக்கிறார்: "7.30 சர்வர் பூட் ஆகவில்லை. வால்யூம் மவுண்ட் இல்லை. 8.15 தானாக ஆச்சு." அதற்குக் கீழே, "11.20 எல்லா நோடும் டவுன்." எட்டேகாலுக்கே எழுந்துவிட்ட டிஸ்க்கை எப்படிச் செத்தது என்கிறார்கள்? இரண்டாவது வரியை அன்று நான் கவனிக்கவில்லை. என் கண்ணெல்லாம் டிஸ்க் மேலேயே இருந்தது.

முதலில் சந்தேகப்பட்டது, தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சைனைடு மேட்டுத் தூசியை. காற்றடிக்கிற மாதங்களில் அந்த வெள்ளைப் பொடி நுழையாத இடம் கிடையாது. ஆனால் டிஸ்க்கின் உறை மூடியது. உள்ளே போகிற காற்றும் வடிகட்டி வழியாகத்தான் போகும். தூசி கெடுத்திருந்தால் காலை ஏழரைக்கும் எட்டேகாலுக்கும் நடுவில் அது எங்கே போயிற்று? அதை விட்டுவிட்டேன்.

அடுத்தது குலுக்கல். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழைய சாமான் கடை ஒன்றில் அதே வகை டிஸ்க், அதற்குரிய கன்ட்ரோலர் கார்டு, ஓடுகிற 286 போர்டு மூன்றும் கிடைத்தன. உறை மேல் ஒட்டியிருக்கும் கம்பெனிப் பெயர் இங்கே முக்கியமில்லை. 1980-இல் சீகேட் கொண்டுவந்த எஸ்டி-506 என்ற 5 மெகாபைட் டிஸ்க்கின் இணைப்பு முறையையே பின்னால் வந்த பல கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. விலை குறைந்த டிஸ்க்குகள் பலவற்றுக்கும் உள்ளமைப்பும் ஏறக்குறைய ஒன்றே. என்னிடம் வந்தது 40 மெகாபைட். 820 சிலிண்டர், 6 ஹெட், ஒவ்வொரு டிராக்கிலும் 17 செக்டர், செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் 4 கோடியே 28 லட்சத்துச் சொச்சம் பைட். இன்று போனில் எடுக்கும் படங்கள் கொஞ்சம்தான் இதில் அடங்கும். ஓர் ஆபீஸின் மொத்தச் சம்பளக் கணக்கும் அன்று இதில் அடங்கியது.

டிஸ்க்கை ஓட விட்டு, முழுப் பரப்பையும் படிக்கச் சொல்லிவிட்டு, மேஜைக்குப் பக்கத்தில் அரிசி மூட்டையைத் தொப்பென்று போட்டேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டிஸ்க் கவலைப்படவே இல்லை. இடுப்பளவு உயரத்திலிருந்து போட்டேன். அப்போதும் ஒரு பிழைகூட வரவில்லை. சுவரில் கீறல் விழுகிற அளவு நிலம் ஆடினாலும், அந்த ஆட்டத்தின் முடுக்கம் பெரும்பாலும் புவியீர்ப்பின் ஒரு பகுதிதான். இந்த டிஸ்க்குகள் ஓடும்போதே அதைப்போலப் பல மடங்கு தாங்கக் கட்டப்பட்டவை. அதோடு, ஏர் பிளாஸ்ட் வந்தது ராத்திரியில். ஆபீஸ் விதிப்படி அப்போது சர்வரை அணைத்திருப்பார்கள்.

பிறகு ரிஜிஸ்டரை முதலிலிருந்து வரிவரியாகப் படித்தேன். "பூட் ஆகவில்லை" என்ற பதிவு அந்த ஒரு நாளில் மட்டும் இல்லை. வேறு நாட்களிலும் இருக்கிறது. எல்லாம் மார்கழி, தை. எல்லாம் காலை முதல் வேலை. மத்தியானத்தில் ஒன்றுகூட இல்லை. ஏர் பிளாஸ்ட் என்ற சொல்லோ அந்த ஒரு பக்கத்தில் மட்டும்தான்.

இன்னொரு பதிவும் இருந்தது. நெட்வேரில் ஹாட் ஃபிக்ஸ் என்று ஓர் ஏற்பாடு உண்டு. எழுதியதை உடனே திரும்பப் படித்துச் சரிபார்க்கும். ஓர் இடம் தேறவில்லை என்றால் அந்தத் தகவலை, இதற்கென்றே ஒதுக்கி வைத்த பகுதிக்கு மாற்றிவிடும். டிஸ்க்கில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு இதற்காகவே விடப்பட்டிருக்கும். எத்தனை பிளாக் அப்படி மாற்றப்பட்டன என்பதைத் திங்கள்தோறும் சித்தப்பா குறித்து வைத்திருக்கிறார். யாரும் கேட்காத கணக்கு; அந்த மனிதரின் குணம் அது. மற்ற மாதங்களில் அசையாமல் நிற்கிற அந்த எண், மார்கழி பிறந்ததும் ஏற ஆரம்பிக்கிறது. மாசி முடிவில் மறுபடி நின்றுவிடுகிறது. ஹெட் மோதிக் காந்தப் பரப்பு சுரண்டப்பட்டிருந்தால் அந்த எண் பருவம் பார்த்து ஏறி, பருவம் பார்த்து நிற்காது.

ஆக, குளிர். எங்கள் பக்கம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ எண்ணூறு மீட்டர் உயரம். ஏரிக் காற்றோடு தை மாத விடியல் நடுக்கும். டிஸ்க்கை மத்தியான வெயிலில் வெந்த அறையில் வைத்து லோ லெவல் ஃபார்மட் செய்தேன். டீபக்கில் போய் ஜி=சி800:5 என்று அடித்து என்டர் தட்டுவது அந்தக் காலத்து சர்வீஸ் ஆட்கள் விரல் நுனியில் வைத்திருந்த மந்திரம்; என் கார்டுக்கும் அது பலித்தது. ராத்திரி முழுக்க மொட்டைமாடியில் வைத்துவிட்டு விடிவதற்குள் ஓட விட்டேன். "செக்டர் நாட் ஃபவுண்ட்." மறுபடி "செக்டர் நாட் ஃபவுண்ட்." அரைமணி நேரம் ஓடிச் சூடேறியதும் அதே செக்டர்கள் சாதுவாகப் படிக்கக் கொடுத்தன. மாடியில் தனியாக நின்றுகொண்டு நான் கை தட்டினேன்.

காரணம் ஸ்டெப்பர் மோட்டார். லாம்பு இல்லாமல் ஏணியில் படியை எண்ணியே இறங்குகிற ஆளைப் போல, அந்த மோட்டார் இத்தனை அடி என்று எண்ணித்தான் ஹெட்டை நகர்த்தும். போய்ச் சேர்ந்த இடம் சரிதானா என்று பார்க்க வழி கிடையாது. விலை கூடிய டிஸ்க்குகளில் தட்டிலேயே எழுதிய குறிகளைப் படித்து ஹெட் தன்னைத் திருத்திக்கொள்ளும். இதில் அது இல்லை. உலோகம் குளிரில் சுருங்கும், சூட்டில் நீளும். ஒவ்வொரு செக்டருக்கும் முன்னால் அதன் விலாசம் எழுதியிருக்கும். தகவலை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். விலாசம் மட்டும் லோ லெவல் ஃபார்மட் அன்று ஒரே ஒரு தடவை எழுதுவது. அன்றைய சூடு எதுவோ அதுதான் அந்த டிஸ்க்கின் அளவுகோல்.

எனவே நான் தேட வேண்டியது டிஸ்க் செத்த நாளை அல்ல, ஃபார்மட் ஆன நாளை. ரிஜிஸ்டரின் முதல் பக்கத்திலேயே இருந்தது. ஏப்ரல் மாதம், மத்தியானம் 2 மணி, "ரூம் ஃபேன் ரிப்பேர்". பிறகு காம்ப்சர்ஃப் என்ற பரப்புச் சோதனை விடிய விடிய ஓடியிருக்கிறது. கீழே பெங்களூரிலிருந்து வந்த சர்வீஸ் என்ஜினியரின் கையெழுத்து.

அவர் ஓய்வு பெற்று எங்கள் ஊரிலேயே, பாலாறு ஏரிக்கரைக்குப் போகும் வழியில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார் என்று தெரிந்ததும் ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் ஒரு தலையாட்டு ஆட்டினால் என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் டிஸ்க்கைப் பற்றிப் பேசவே மறுத்தார்.

"ஏழெட்டு பேரும் ஒண்ணா நின்னாங்கன்னா அது டிஸ்க் இல்ல தம்பி. மொதல்ல மீட்டரை வை."

"சார், காலையில பூட்டே ஆகலைன்னு எழுதியிருக்கு சார்."

"பூட் ஆகலைன்னா ஒரு டீ குடிச்சுட்டு வா, ஆகும். அதுக்கா சம்பளம் நின்னுச்சு? மீட்டரை வை."

மறுநாள் போனேன், அதே பதில். அதற்கடுத்த வாரமும் அதே. குளிர் என்றால் கேபிள் என்பார். ஸ்டெப்பர் என்றால் டெர்மினேட்டர் என்பார். எனக்குக் கோபம்கூட வந்தது. கடைசியில் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து திண்ணையில் கொட்டினார். கறுப்பு கோயாக்ஸ் கேபிள் துண்டுகள், டி வடிவ இணைப்பான்கள், விரல் நுனி அளவில் டெர்மினேட்டர்கள். ஒரு துண்டின் இரு முனையிலும் டெர்மினேட்டரைத் திருகி, நடுவிலிருந்த டி-யில் மல்டிமீட்டரை வைத்தார். 25 ஓம். ஒன்றைக் கழற்றினார். 50.

"இருபத்தஞ்சு வந்தா லைன் நல்லா இருக்கு. அம்பது வந்தா ஒரு மொனை போச்சு. இதுக்கு மேல ஒரு மண்ணும் இல்ல."

மேலே நிறையவே இருந்தது. அதையும் அவரே சொன்னார். மெல்லிய ஈதர்நெட் கேபிள் 50 ஓம் வகை. ஒரு துண்டம் அதிகபட்சம் 185 மீட்டர் போகலாம், 30 இணைப்புகள் வரை தாங்கும், இரு முனைகளிலும் 50 ஓம் அடைப்பு இருந்தே தீர வேண்டும். முனை திறந்திருந்தால் சிக்னல் முட்டித் திரும்பும் என்று புத்தகங்கள் சொல்லும். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. நெட்வொர்க் கார்டு கேபிளுக்குள் அனுப்புவது குறிப்பிட்ட அளவு மின்னோட்டம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மின்னழுத்தம் இரட்டிப்பாகும். அதைப் பார்த்துத்தான் மோதல் நடந்துவிட்டது என்று கார்டு ஒதுங்கும். ஒரு டெர்மினேட்டர் கழன்றால் தடை 25-லிருந்து 50 ஆகிறது. அப்போது ஒரே ஒரு கார்டு பேசினாலும் மின்னழுத்தம் இரட்டிப்பாகத் தெரியும். பேச வாய் திறக்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டரும் மோதல் என்று நினைத்து அடங்கிவிடும். ஒரு மூலையில் ஒரு சின்ன மூடி கழன்றால் மொத்த ஆபீஸும் ஊமையாவது இதனால்தான். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதென்று 75 ஓம் டிவி கேபிளை நடுவில் ஒட்டுப் போட்டவர்களையும், ஆர்க்நெட் என்ற வேறொரு நெட்வொர்க்கின் 93 ஓம் கேபிளை மிச்சம் பிடித்து மாட்டியவர்களையும் அவர் பெயர் சொல்லாமல் திட்டித் தீர்த்தார்.

பிறகு ரிஜிஸ்டரை என் கையிலிருந்து வாங்கி, நான் தாண்டிப் போன அந்த இரண்டாவது வரியில் விரலை வைத்தார். "11.20 எல்லா நோடும் டவுன்." செய்தது என்ற கட்டத்தில் சித்தப்பாவின் பொடி எழுத்து: "சுவர் விரிசல். டேபிள் நகர்த்தியது. மூலை டி கழன்றது. 4.40 ஓகே."

ராத்திரி வெடித்த பாறை ஆபீஸ் சுவரில் விரிசல் விட்டிருக்கிறது. காலையில் வந்தவர்கள், காரை பெயர்ந்து விழுமோ என்று பயந்து மேஜையைச் சுவரை விட்டு இழுத்திருக்கிறார்கள். இழுத்த வேகத்தில் மூலைக் கம்ப்யூட்டரின் பின்னால் இருந்த இணைப்பு கேபிள் முனையை விட்டுப் பிடுங்கிக்கொண்டது. காலையிலேயே ஒரு தரம் மக்கர் செய்த சர்வர் என்பதால், சாயங்காலம் வரை எல்லோரும் டிஸ்க்கையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். சம்பளப் பட்டியல் நின்றது அந்த ஐந்து மணி இருபது நிமிஷத்தில்தான். எழுந்திருக்காத டிஸ்க்குக்குக் காரணம் குளிர். ஊமையான நெட்வொர்க்குக்குக் காரணம் ஏர் பிளாஸ்ட், மேஜை வழியாக. கதை சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. சுரங்கத்தின் கை அன்று அந்த அறைக்குள் இருந்தது. அது தொட்டது டிஸ்க்கை அல்ல.

கிளம்பும்போது முதல் பக்கத்துக் கையெழுத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். ஃபார்மட்டுக்கு முன்னால் மெஷினை அரைமணி ஓட விட்டுச் சூடேற்ற வேண்டும் என்பது அவர்களுக்கு விதி. அன்றும் அப்படியே செய்ததாகச் சொன்னார். விதி சரியானதுதான். நாள் முழுக்க அணைக்காமல் ஓடும் மெஷினுக்கு அது பொருந்தும். தினமும் ராத்திரி அணைத்து, விடியற்குளிரில் எழுப்பும் ஆபீஸுக்கு அது போதாது. சித்தப்பா இதை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்திருக்கிறார். அடுத்த மார்கழியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில், "இரவில் சர்வர் ஆஃப் செய்யக்கூடாது." அந்தக் குளிர்காலம் முழுக்க "பூட் ஆகவில்லை" என்ற வரி ஒன்றுகூட இல்லை. ஹாட் ஃபிக்ஸ் எண்ணும் அசையவில்லை.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. பாறை வெடிப்புகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் உண்டு. சுரங்கம் ஓடிய கடைசி வருஷங்களில் தங்கவயலின் ஆபீஸ்களிலும் பள்ளிகளிலும் முதல் கம்ப்யூட்டர்களோடு போராடியவர்களின் அறிவு, இப்படிப்பட்ட கணக்கு நோட்டுகளில் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் ஒரு சர்வீஸ் ரிஜிஸ்டரோ கால் ரிப்போர்ட் கட்டோ இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தேதியும் நேரமும் கோளாறும் எழுதிய பக்கங்களையாவது படம் எடுத்து வையுங்கள். எழுதியவர் இன்னும் உயிரோடு இருந்தால், இந்த வாரமே போய்ப் பாருங்கள்.