இரவல் மணிக்கூடு

கையில் கட்டுகிற ஒரு மணிக்கூட்டுக்கு நாலு லட்சம் ரூபாவுக்கு மேல் கொடுத்தவனை முன்பென்றால் விசரன் என்றுதான் சொல்லியிருப்பேன். 2024 இல் உம்மாவை உம்ராவுக்குக் கூட்டிப் போனபோது அந்த வேலையை நானே செய்தேன். பாடசாலையில் படிப்பிக்கிற எனக்கு அது ஆறு மாதச் சம்பளத்துக்கும் கூட. நீராவிப்பிட்டி வீட்டுக்கு இன்னோர் அறை இறக்கவென்று சேர்த்து வைத்திருந்த காசு அது. அறை இன்னும் அத்திவாரத்தோடு நிற்கிறது. மணிக்கூடும் இப்போது என் கையில் இல்லை. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

கதை வாப்பாவிலிருந்து தொடங்குகிறது. அவர் 1981 இல் ஜித்தாவுக்கு மேசன் வேலைக்குப் போனவர். எண்பதுகளில் மத்திய கிழக்கிலிருந்து திரும்புகிறவரை எங்களூரில் தூரத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம். தோளில் கசெட் றேடியோ, பெட்டியில் புடவைத் துண்டுகள், கையில் சீக்கோ ஃபைவ். றோலெக்ஸ் என்ற பெயரை நாங்கள் கேள்விப்பட்டதில்லை. எங்களுக்குத் தெரிந்த உச்சம் றாடோதான். 1984 இல் தண்ணீரூற்றுச் சந்தியில் பஸ்ஸால் இறங்கிய வாப்பாவின் கையில் பொன்நிறத்தில் ஒரு றாடோ மின்னியது. எனக்கு அப்போது ஆறு வயது.

அது டயஸ்டார் என்ற வகை. சுவிட்சர்லாந்தில் லெங்னோ என்ற ஊரில் இருக்கும் றாடோக் கம்பனி 1962 இல் அதைக் கொண்டுவந்தது. உடம்பு டங்ஸ்டன் காபைட் என்கிற கடும் உலோகம், மேலே நீலக்கல் கண்ணாடி. கீறல் விழாது என்பதுதான் அதன் பெருமை. வாப்பா சின்னப் பிள்ளைகளிடம் ஓர் ஆணியைக் கொடுத்துக் கீறிப் பார்க்கச் சொல்வார். முகப்பில் பன்னிரண்டுக்குக் கீழே குட்டி நங்கூரம் ஒன்று இருக்கும். கையை ஆட்டினால் அதுவும் ஆடும். பற்றரி இல்லை, சாவி கொடுக்கவும் வேண்டாம். கை ஆடுகிற ஆட்டத்திலேயே ஓடும்.

ஆண்களுக்குத் தங்கம் ஆகாது என்று முதலில் குரல் கொடுத்தவர் பள்ளிவாசல் லெப்பை. இது தங்கமில்லை, நிறம் மட்டும்தான் என்று வாப்பா எவ்வளவு சொல்லியும் அவர் ஏற்கவில்லை. ஆறு மாதம் கழித்துத் தன்னுடைய மகனின் நிக்காஹ்வுக்கு அதை இரவல் கேட்டு வந்தவரும் அதே லெப்பைதான். அன்று தொடங்கியது இரவல். நீராவிப்பிட்டியிலும் தண்ணீரூற்றிலும் முள்ளியவளையிலும் அடுத்த ஆறு வருடங்களில் மாப்பிள்ளையாகிய எத்தனையோ பேரின் இடக்கையில் அந்த மணிக்கூடு இருந்தது. முஸ்லிம் மாப்பிள்ளை, தமிழ் மாப்பிள்ளை என்ற வித்தியாசம் அதற்கு இருக்கவில்லை. கலியாண வீட்டுக்குப் போகும் எங்கள் வீட்டுப் பெண்கள் மாப்பிள்ளையின் முகத்துக்கு முன்னர் கையைத்தான் பார்ப்பார்கள்.

1990 ஆவணியில் அடுத்த வளவு மாஸ்டரின் தம்பிக்குக் கலியாணம். ஜூனில் சண்டை மீண்டும் மூண்டிருந்தது. ஆனாலும் நாள் வைத்தாகிவிட்டது, கலியாணத்தை நிறுத்தவில்லை. மணிக்கூடு வழமைபோலப் போனது. மாப்பிள்ளை பெண் வீட்டாரோடு புதுக்குடியிருப்பில் இருந்தார். வரும்போது கொண்டுவரட்டும் என்று வாப்பா விட்டுவிட்டார்.

அவர் வருவதற்கு முன்னர் நாங்கள் போய்விட்டோம். அந்த வருடம் அக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஐந்து மாவட்டங்களிலும் ஏறத்தாழ 75,000 பேர். அதைப்பற்றி நம்மவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். வவுனியா வரை நடந்த கால்களைப் பற்றி நான் புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை.

புத்தளத்தில் ஓலைக் குடிசைக்குள் இருந்த காலத்தில் ஊரவர்கள் யாராவது வாப்பாவின் வெறுங்கையைப் பார்த்து, “றாடோ எங்கே?” என்று கேட்பார்கள். “இரவல் போயிருக்கு” என்பார். ஒரு நாளாவது “போய்விட்டது” என்று சொன்னதில்லை. “என்ட கையில இருந்திருந்தா எந்தச் சோதனையில யாற்ற கைக்குப் போயிருக்குமோ. இரவல் போனபடியால் தப்பிச்சுது” என்று சிரிப்பார். உம்மா மட்டும் சிரிப்பதில்லை.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. 2003 இல் நானும் வாப்பாவும் ஊரைப் பார்க்கப் போனோம். ஓமந்தையில் இராணுவச் சோதனை முடிந்து, புளியங்குளத்தில் மற்றச் சோதனையும் முடிந்து பஸ்ஸில் ஏறியபோது பக்கத்திலிருந்த கிழவர், “மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்கு விடுங்கோ” என்றார்.

இளைய வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கவென்று 1996 மே மாதத்தில் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. அக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தது. மிச்ச அரை மணித்தியாலத்தை 2006 ஏப்ரல் வரைக்கும் தரவில்லை. புலிகளின் பகுதியில் இந்த மாற்றம் எதையும் ஏற்கவில்லை. ஆகவே ஓமந்தைக்குத் தெற்கே ஒரு நேரம், வடக்கே ஒரு நேரம். புத்தளத்தில் நாங்கள் தொழுகை நேர அட்டையில் லுஹரைத் தள்ளி எழுதிக்கொண்டிருந்தோம். சூரியன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் உச்சிக்கு வந்தது.

வாப்பா தன்னுடைய மலிவு மணிக்கூட்டைக் கழற்றி முள்ளைத் திருப்பினார். “நாங்க விட்டுட்டுப் போன நேரம்தான் இங்க இன்னும் நடக்குது” என்றார். மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் கடந்து போகும்வரை வேறொன்றும் பேசவில்லை.

எங்கள் வளவில் வீடு இருக்கவில்லை. கிணறும் இரண்டு தென்னையும் நின்றன. மாஸ்டர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். பிறகு ஓடி வந்து வாப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்தார். பிடித்த இடம் மணிக்கட்டு. அவருக்கே அது பட்டிருக்க வேண்டும், சட்டென்று விட்டுவிட்டார்.

தேத்தண்ணி வந்தது. வாப்பா கிணற்றைப் பற்றிக் கேட்டார், வற்றாப்பளைப் பொங்கலைப் பற்றிக் கேட்டார், மாட்டைப் பற்றிக் கேட்டார். மணிக்கூட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கடைசியில் மாஸ்டர்தான் சொன்னார்.

“நானா, அதை நாங்கள் திண்டிட்டம்.”

பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரியும் தடைசெய்யப்பட்ட சாமானாக இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம். பற்றரி மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றுபோக, கையாட்டத்தில் ஓடுகிற றாடோ மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைப்பேறு நடக்கிற வீடுகளிலிருந்து தம்பியைத் தேடி வருவார்களாம். சாதகம் எழுத நேரம் வேண்டுமல்லவா? அந்த ஒழுங்கையில் அந்த வருடங்களில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் வாப்பாவின் மணிக்கூட்டில்தான் நேரம் குறித்தார்கள். சாதகத்தில் நமக்கு நம்பிக்கையில்லை. ஆனால் இதைக் கேட்டபோது வாப்பாவின் முகம் விரிந்ததை நான் பார்த்தேன். 1996 இல் முல்லைத்தீவு முகாம் சண்டையோடு இடம்பெயர்ந்து காட்டுக்குள் கிடந்தபோது, தம்பி அதை இரண்டு மூட்டை நெல்லுக்குக் கொடுத்துவிட்டார்.

“ஹலாலாக்கிட்டன் தம்பி” என்றார் வாப்பா.

மாஸ்டருக்கு விளங்கவில்லை. “கணக்குத் தீர்ந்துது. மறுமையிலயும் கேக்கமாட்டன்” என்று விளங்கப்படுத்தினார். மாஸ்டர் சால்வையால் முகத்தைத் துடைத்தார். திரும்பி வரும்போது ஓமந்தையில் எல்லோரும் மணிக்கூட்டை முன்னுக்கு விட்டார்கள். வாப்பா புத்தளம் போய்ச் சேரும் வரைக்கும் தொடவேயில்லை.

வாப்பா 2011 இல் மவுத்தாகிவிட்டார். மாஸ்டரின் குடும்பம் கடைசிச் சண்டைக்குள் அகப்பட்டு மெனிக் பாம் முகாமுக்குப் போய் ஊர் திரும்பியது. தம்பியைப் பற்றி 2009 மே மாதத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. நான் 2013 இல் குடும்பத்தோடு நீராவிப்பிட்டிக்கு வந்தேன். மாஸ்டரும் நானும் மறுபடி வேலிக்கு இரண்டு பக்கமும் இருக்கிறோம்.

இனி மக்காவுக்கு வருகிறேன். ஹரத்தை விட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் மணிக்கூட்டுக் கோபுரம் தெரியும். உயரம் 601 மீற்றர். 2010 ரமழானில் ஓடத்தொடங்கிய அந்த மணிக்கூட்டின் முகம் மட்டும் 43 மீற்றர் அகலம். உஸ்மானியர் காலத்து அஜ்யாத் கோட்டையை 2002 இல் இடித்த இடத்தில் அது நிற்கிறது. உலகத்துக்கே நேரம் காட்டுகிற அந்த மணிக்கூட்டின் காலடியில் கைமணிக்கூடு விற்கிற கடைகள். உம்ராவை முடித்துத் தலை மழித்துக்கொண்டு வந்தவன், கண்ணாடிக்குப் பின்னால் அதைப் பார்த்து நின்றுவிட்டேன். பொன்நிறம், அதே முட்டை வடிவம், அதே நங்கூரம்.

ஐயாயிரத்துச் சொச்சம் றியால். ஒரு றியால் எண்பது ரூபா அளவில் நின்ற நேரம். பெருக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் உம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். வாப்பாவை நினைத்து அழுவார் என்று எதிர்பார்த்தேன்.

“எனக்கு அந்த மணிக்கூட்டில ஒருநாளும் விருப்பமில்ல” என்றார் உம்மா.

கடைக்கு வெளியே படியில் உட்கார்ந்து அவர் சொன்ன விசயத்தை நாற்பது வருடம் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. 1984 இல் கடைசி நாலு மாதம் வாப்பாவிடமிருந்து காசு வரவில்லை. உம்மா கடைகளில் கடன் சொல்லி எங்களை வளர்த்தார். தாத்தாவின் காதுப்பூவை அடகு வைத்தார். சுகமில்லையோ, வேலை போய்விட்டதோ என்று கிடந்து துடித்தார். பிறகு பார்த்தால் மனிசன் கையில் றாடோவோடு வந்து இறங்குகிறார்.

“மூன்டு வருசம் வெயிலுக்க நிண்டன், எனக்கெண்டு ஒண்டு வாங்கினன் எண்டார். நான் ஒரு மாசம் கதைக்கயில்ல. வாங்கினதுக்கு அவருக்கே வெக்கம். தன்ட கையில கட்ட ஏலாமப் போச்சு. அதாலதான் கேட்டவனுக்கெல்லாம் கழட்டிக் குடுத்தார். ஊர் அவரைத் தாராளமான ஆள் எண்டு சொல்லிச்சு.”

நான் வாயடைத்து நின்றேன். அத்தனை வருடம் நான் கொடை என்று நினைத்திருந்ததற்குப் பின்னால் ஒரு குற்ற உணர்வு இருந்திருக்கிறது. ஒரு மேசன் தனக்கென்று ஒரு முறை ஆசைப்பட்டதற்கு ஆறு வருடம் ஊருக்கு வாடகை கட்டியிருக்கிறார்.

இதைக் கேட்ட பிறகு புத்தியுள்ளவன் அறைக்குத் திரும்பியிருப்பான். நான் உள்ளே போய்க் காசைக் கட்டினேன். ஏன் என்று கேட்டால் இன்றும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. வாப்பா வெட்கப்பட்ட அந்த ஆசையை வெட்கப்படாமல் ஒருவராவது ஆசைப்பட வேண்டும் என்று அப்போது தோன்றியது. நல்ல நியாயம்தான். என்னுடைய ஆசைக்கு வாப்பாவைச் சாட்டினேன் என்றும் சொல்லலாம். விற்பனையாளர் மலையாளி. முள்ளைத் திருப்பப் போகும்போது, “மக்கா நேரமா, ஊர் நேரமா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லுமுன் உம்மா, “ஊர் நேரம்” என்றார்.

ஊரில் அதை எல்லோருக்கும் காட்டவேண்டும் என்று இருந்தது. ஆனால் பாடசாலைக்குக் கட்டிப் போகக் கூச்சம். விலையைக் கேட்பார்களே என்ற பயம். அலுமாரிக்குள் வைத்தேன். கழற்றி வைத்தால் எண்பது மணித்தியாலம் ஓடும், பிறகு நின்றுவிடும். நிற்கவிடாமல் இரவில் கட்டிக்கொண்டு படுப்பேன். மகள் சிரிப்பாள்.

2025 ஆவணியில் மாஸ்டர் கலியாணக் கார்ட் கொண்டு வந்தார். காணாமல்போன தம்பியின் மகனுக்குக் கலியாணம். அன்று மணிக்கூடு என் கையில் இருந்தது. கார்ட்டை வாங்க நீட்டிய கையை மாஸ்டர் அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தார்.

“இவன்ர சாதகம் உங்கட வாப்பாவின்ர மணிக்கூட்டில குறிச்சது, தம்பி. அந்தச் சாதகத்திலதான் இப்ப பொருத்தமும் பாத்தது” என்றார். அவ்வளவுதான். கேட்கவில்லை. நானும் கேட்காததுபோல இருந்தேன். நாலு லட்சம் என்ற எண் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கலியாண வீட்டுச் சனத்துக்குள் ஒரு கொழுக்கி கழன்றால் போதும்.

“மகன், அதைக் கழட்டிக் குடு” என்று உள்ளேயிருந்து உம்மாவின் குரல் வந்தது. அந்த மணிக்கூட்டில் ஒருநாளும் விருப்பமில்லாத உம்மாவின் குரல்.

கழற்றிக் கொடுத்தேன். கலியாணத்தன்று மாப்பிள்ளையின் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கலியாணம் முடிந்து அவர்கள் புதுக்குடியிருப்புக்குப் போனார்கள். ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது. பதின்மூன்று வருடம் கேட்காதிருந்த வாப்பாவின் மகன் மூன்றாம் நாள் காலையிலேயே மாஸ்டருக்குப் போன் எடுத்தான்.

“ஒண்டுமில்லை மாஸ்டர். கழட்டி வைச்சா நிண்டிடும், அதைச் சொல்லத்தான் எடுத்தனான். கட்டிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கோ.”

மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மாஸ்டர் மெல்லச் சிரிப்பது கேட்டது.

“பயப்பிடாதை தம்பி. ஓடிக்கொண்டுதான் இருக்கு.”