மூச்சு வாங்கிய கார்

மத்ரஸாவில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் எனக்கும் மோட்டார் எஞ்சினுக்கும் என்ன உறவு என்று நீங்கள் வியக்கக்கூடும். கலைப் பட்டதாரியான நான் பள்ளிக்கூடத்தோடு விஞ்ஞானத்திற்கு ஸலாம் கூறி விலகியவன். என் தங்கை மகன் தன் தாயின் வளையல்களைக் கேட்டு நின்ற அன்றுதான் இதைக் கற்க வேண்டியதாயிற்று.

அவன் மேட்டுப்பாளையத்தில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவன். மர்ஹூம் மச்சான் விட்டுச் சென்ற பழைய பெட்ரோல் கார் அது. உதகை மலையில் ஏறும்போது திணறியது. "டர்போ பொருத்திவிட்டால் பறக்கும் மாமா!" என்றான். தங்கையோ என் முகத்தைப் பார்த்தாள்.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று தேர்ந்த மெக்கானிக். அவரிடம் சென்றோம்.

"ஹஜ்ரத், எஞ்சினுக்கும் மூச்சுதான் பலம்" என்று தொடங்கினார் அவர். பெட்ரோல் முழுமையாக எரிய, அதன் எடையைப் போல் ஏறத்தாழ 15 மடங்கு காற்று வேண்டுமாம். பெட்ரோலைக் கூட்டுவது எளிது. காற்றைக் கூட்டுவதே கடினம். சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது.

வீணாய் வெளியேறும் சூடான புகையைக் கொண்டே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதுதான் டர்போ. அச்சக்கரங்கள் நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுகளையும் தாண்டுமாம், சுப்ஹானல்லாஹ்! ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1918இல் அமெரிக்கரான ஸான்ஃபோர்ட் மாஸ், 14,000 அடிக்கும் மேற்பட்ட பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு ஒரு விமான எஞ்சினையே கொண்டு சென்று, மெல்லிய காற்றில் அது இழந்த வலிமையை டர்போவால் மீட்டுக் காட்டினார். வீண்விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கத்தில் பிறந்த எனக்கு இந்த யுக்தி மிகவும் பிடித்துவிட்டது. மருமகன் வென்றுவிட்டான் என்றே எண்ணினேன்.

மெக்கானிக் தலையசைத்தார். அழுத்தப்பட்ட காற்று சூடேறும்; அச்சூட்டில் எரிபொருள் காலம் தவறித் தீப்பற்றினால் பிஸ்டனே உடையும். தொழிற்சாலையிலேயே டர்போவுடன் வரும் எஞ்சினுக்கு அதைத் தாங்கும் பிஸ்டன், காற்றைக் குளிர்விக்கும் அமைப்பு, எண்ணெய்ப் பாதை யாவும் உண்டு. இந்தக் கிழட்டு எஞ்சினுக்கு ஏது?

"அப்படியானால் சூப்பர்சார்ஜர்?" என்றான் இவன், விடாப்பிடியாக. அது மிதித்தவுடன் வேகம் தரும். டர்போவைப் போல் புகை வேகம் பிடிக்கும்வரை காத்திராது. ஆனால் எஞ்சினின் வலிமையிலேயே ஒரு பங்கை எடுத்துத்தான் பெல்ட்டின் வழியே சுழலும். தாங்க வேண்டிய சூடும் அழுத்தமும் அதற்கும் உண்டு. பெரிய எஞ்சினையே மாற்றலாமென்றால் எடையும் எரிபொருளும் கூடும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் குறுக்கே நிற்கும். பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக நம் விருப்பம்போல் மாற்றிவிட முடியாது.

பின்னர் அவர் காற்று வடிகட்டியைக் கழற்றினார். தட்டியபோது கொட்டிய தூசியைக் கண்டு மருமகன் தலை குனிந்தான். கிளட்ச் தட்டும் தேய்ந்திருந்தது; ஸ்பார்க் பிளக்குகள் கரியேறிக் கிடந்தன. மூன்றையும் மாற்றிய செலவு ஒரு வளையலின் விலைக்கும் எட்டவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

குன்னூரைத் தாண்டினால் வண்டி இன்றும் சற்று மூச்சு வாங்கத்தான் செய்கிறது. தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்திய வண்டி ஒன்றை வட்டிக் கடனின்றி வாங்க அவன் சிறுகச் சிறுகச் சேர்த்து வருகிறான். அதுவரை, கொண்டை ஊசி வளைவுகளில் கியரைக் குறைத்து, பிஸ்மி சொல்லி ஏறுகிறான்.