குரலில்லாத ஞாபகங்கள்

ஜனரஞ்சகக் கலையைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் வசதியான ஒரு முடிவு உண்டு. ரசிகன் நினைவுகூர்வது விமர்சனம் ஆகாது, அது வெறும் ஏக்கம் என்பது. பெரும்பாலான சந்தர்ப்பங்களில் இது சரியும்கூட. ஆனால் கோவை வட்டாரத்தில் ‘ஸ்டார் ட்ரெக்’ பார்த்து வளர்ந்தவர்களின் பேச்சைப் பல வருஷங்களாகக் கேட்டு வருகிறேன். இந்த முடிவுக்குள் அடங்காத ஒன்று அதில் இருக்கிறது.

அமெரிக்காவில் 1966 செப்டம்பரில் தொடங்கி, 79 பகுதிகளுடன் 1969இல் நிறுத்தப்பட்ட தொடர் அது. நம்மிடம் வந்து சேர்ந்தது எண்பதுகளில். 1983இல் இன்சாட்-1பி ஏவப்பட்டு, அடுத்த வருஷத்திலிருந்து சிறு ஊர்களிலும் ஒளிபரப்புக் கோபுரங்கள் எழுந்தபோது, தில்லி எதை அனுப்பியதோ அதை ஊர்கள் பார்த்தன. இந்திச் செய்தி, இந்தி நாடகம், இடையில் ஆங்கிலம் பேசும் ஒரு விண்கலம். நான் அப்போது பிறந்திருக்கவில்லை. எனக்குச் சொன்னவர்கள் அன்று பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள். அன்னூர், அவிநாசி, காங்கயம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து, டி.வி. இருந்த வீட்டுக்கு நடந்து போய்ப் பார்த்தவர்கள். பின்னால் மில்லுக்கும் பவுண்டரிக்கும் வங்கிக்கும் வேலைக்குப் போனார்கள். அன்று அவர்களில் ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாது.

ஸ்பாக் பாத்திரத்தில் நடித்த லியோனார்ட் நிமோய் இறந்தது 2015 பிப்ரவரி 27. மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் வேலை. எங்கள் கிளையின் ஹெட் கேஷியர் கட்டுகளை எண்ணி முடித்துவிட்டு என்னிடம், “நம்ம ஸ்பாக் போயிட்டாருங்க தம்பி” என்றார். எந்தக் கதை சார் உங்களுக்குப் பிடிக்கும் என்று கேட்டேன்.

“கதை யாருக்குங்க தெரியும்? அவரு ஒத்தப் புருவத்தைத் தூக்குனா எதுத்தாப்பல இருக்கறவன் என்னமோ கோளாறாப் பேசிட்டான்னு அர்த்தம். அது ஒண்ணுதானுங்க தெரியும்.”

இது சாதாரணமான அவதானிப்பு அல்ல. உணர்ச்சியை அடக்கியாள வேண்டிய இனத்தில் பிறந்தவன் ஸ்பாக். அதனால் நிமோயின் நடிப்பு முழுக்க, முகத்தில் எதையும் காட்டாமல் ஒன்றை மட்டும் அனுமதிப்பது என்கிற சிக்கனத்தில் நிற்கிறது. வசனத்தைப் பின்தொடர்கிறவனுக்கு இது எளிதில் தப்பிவிடும். நான் ஆங்கில இலக்கியம் படித்தவன், பின்னால் எழுத்தோட்டத்துடன் அத்தொடரைப் பார்த்தவன். எனக்கு வசனங்கள் தெரியும். கேஷியருக்குப் புருவம் தெரியும்.

இதே மனிதர்கள் 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை ராமாயணத்தையும் மொழி தெரியாமல்தான் பார்த்தார்கள். ஆனால் அங்கே கதை முன்னமே கையில் இருந்தது. அருண் கோவிலின் முகம், நாம் ஏற்கெனவே அறிந்த ராமனை ஊற்றி வைக்கும் பாத்திரம் மட்டுமே. ஸ்பாக்குக்கு நம்மிடம் அப்படி ஒரு பூர்வகதை இல்லை. நிற்கும் விதம், பின்னால் கட்டிய கைகள், கூரிய காது இவற்றிலிருந்து ஓர் ஆளைப் பார்ப்பவனே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

கொங்குப் பகுதியில் இந்தப் பயிற்சி புதிதல்ல. அண்ணன்மார் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்கள் இவை. படுகளத்தில் வீரர்களாக விழுந்து கிடப்பவர்களை எழுப்பும்வரை, விழுந்தவன் பக்கத்துத் தோட்டத்து ஆள் என்பது தெரிந்தும் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. நிமோய் 1975இல் ‘நான் ஸ்பாக் அல்ல’ என்று ஒரு புத்தகம் எழுதினார். இருபது வருஷம் கழித்து 1995இல் ‘நான் ஸ்பாக்’ என்று இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவிலான தூரம் படுகளம் பார்த்தவனைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது.

விரல்களை இரண்டிரண்டாகப் பிரித்துக் கை உயர்த்தும் ஸ்பாக்கின் வணக்கத்தையும் சொல்ல வேண்டும். பாஸ்டனில் சிறுவனாக இருந்தபோது யூதக் கோயிலில் குருமார் ஆசி வழங்கும் கணத்தில், பார்க்கக் கூடாது என்ற கட்டளையை மீறி நிமோய் எட்டிப் பார்த்த முத்திரை அது. எழுதப்பட்ட வசனத்தைவிட மிகப் பழையது. அதைச் சடங்கு என்று, யாரும் சொல்லாமலே, நம் பையன்கள் கண்டுகொண்டார்கள். “சாமி கும்பிடறாப்பல ஒண்ணு” என்றுதான் அதை இன்றும் சொல்கிறார்கள்.

இழப்பும் உண்டு, அதை மறைப்பதில் பயனில்லை. தொடரில் கான் நூனியன் சிங் என்று இந்தியப் பெயருடைய ஒரு பாத்திரம் வருகிறது. 1967இல் அதில் நடித்தவர் மெக்சிகோக்காரரான ரிக்கார்டோ மோந்தல்பான். எங்கள் நண்பர்களில் ஒருவரும் அவனை நம்மவனாக நினைவில் வைத்திருக்கவில்லை. அவன் இந்தியன் என்பது பேச்சில் மட்டுமே இருந்தது; பேச்சு இவர்களை எட்டவில்லை.

தமிழில் நேர் எதிராக நடந்தது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்னர் தூர்தர்ஷனிலும் வந்தது. ஜீனோ என்ற இயந்திர நாயைப் பற்றிக் கேட்டால் இவர்கள் அதன் உருவத்தைச் சொல்வதில்லை. அதன் வாயாடித்தனத்தைச் சொல்கிறார்கள். டி.வி.யில் பார்த்ததைக் கேட்டாலும் இரண்டாவது வாக்கியத்தில் பத்திரிகைக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஜீனோவின் குரலை அவரவர் தமக்குள்ளேயே வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த எந்தக் குரலும் அதற்குப் பொருந்தவில்லை. அந்த நாவலில் ஆட்சி செய்யும் ஜீவா, கடைசியில் உடலே இல்லாத வெறும் ஒளிப்பிம்பம் என்று தெரிகிறது. சுஜாதா இறந்ததும் ஒரு பிப்ரவரி 27தான், 2008இல். ஸ்பாக்குக்கு ஓர் உடல் இருந்தது, அது மூப்படைந்து மறைந்தது. ஜீனோவுக்கு அந்தக் கவலை இல்லை.

பிரிட்டனில் பி.பி.சி., ‘டாக்டர் ஹூ’ தொடரின் பழைய நாடாக்களை அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அழித்துவிட்டது. தொண்ணூறுக்கு மேற்பட்ட பகுதிகளுக்கு இன்றும் படம் இல்லை. ஆனால் அவை எல்லாவற்றின் ஒலியும் கிடைக்கிறது, காரணம் சில ரசிகர்கள் வீட்டில் டேப் ரிக்கார்டரை டி.வி.க்குப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்துகொண்டார்கள். அவர்கள் காப்பாற்றியது உருவமில்லாத குரலை. அன்னூர்க்காரர்களிடம் இருப்பது குரலில்லாத உருவம். முன்னதை ஆவணம் என்று ஏற்றுக்கொண்டு, பின்னதை ஏக்கம் என்று தள்ளுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

நாடாவை நகலெடுக்கலாம். புருவத்தின் அர்த்தத்தைப் பார்த்தவன்தான் சொல்ல வேண்டும். சொல்லக்கூடியவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள். கேஷியர் ஓய்வு பெற்றுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். நடிப்பைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் வசனத்தையும் கதையையும் விட்டு உடலுக்கு வந்து சேரவே சிரமப்படுகிறோம். இவர்கள் அங்கிருந்துதான் தொடங்கினார்கள். அவர்கள் சொல்வதை இப்போதே எழுதி வைத்துக்கொள்வது நம் வேலை.