பால்மர நிழலில் மேய்ந்த மாடுகள்

மாடு என்ற சொல்லுக்குத் தமிழில் செல்வம் என்றும் பொருள் உண்டு. கல்வியின் சிறப்பைக் கூறுமிடத்தில் திருவள்ளுவரே அச்சொல்லை அப்பொருளில் ஆண்டிருக்கிறார். இடைநிலைப்பள்ளியில் வாரத்துக்குச் சில மணி நேரம் மட்டுமே நடந்த தமிழ் வகுப்பில் ஆசிரியர் இதை விளக்கினார். எங்கள் குடும்பத்துக்கு இந்தப் பொருள் புதிதன்று. பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவிய என் பாட்டியின் சம்பளம் அரிசிக்கும் மளிகைக்கும் சரியாகிவிடும். அம்மாவையும் இரண்டு மாமாக்களையும் படிக்க வைத்தது மாட்டுப்பால் விற்ற காசுதான்.

இன்று நான் பல்கலைக்கழகத்தில் விவசாயம் பயில்கிறேன். மரம், புல், கால்நடை ஆகிய மூன்றையும் ஒரே நிலத்தில் சேர்த்து வளர்க்கும் முறையைப் பற்றிச் சென்ற பருவத்தில் படித்தோம். நம் நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, செம்பனைத் தோட்டத்தில் மாடு வளர்ப்பதாகும். மலேசியச் செம்பனை வாரியமும் மார்டி ஆய்வு நிறுவனமும் பல ஆண்டுகளாக இம்முறையை ஆராய்ந்திருக்கின்றன.

இதன் அடிப்படை எளிது. ஒரு ஹெக்டரில் ஏறக்குறைய 140 செம்பனைகள் நடப்படுகின்றன. மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர் இடைவெளி. மரங்கள் இளமையாக இருக்கும்போது வெயில் தரை வரை விழுவதால் புல் அடர்ந்து வளரும். மட்டைகள் விரிந்து ஒன்றோடொன்று சேர்ந்ததும் நிழல் கூடிப் புல் குறையும். மரங்கள் உயர்ந்து வயதான பிறகு மீண்டும் வெளிச்சம் உள்ளே வரும். இந்தப் புல்லை அழிக்கத் தோட்டம் மருந்துக்கும் கூலிக்கும் செலவு செய்கிறது. மாட்டுக்கோ அதுவே தீவனம். தின்றதில் ஒரு பகுதி சாணமாகவும் சிறுநீராகவும் அதே மண்ணுக்குத் திரும்புகிறது.

ஆனால் மாட்டை அவிழ்த்துவிட்டால் மட்டும் போதாது. மட்டைகள் மாட்டின் வாய்க்கு எட்டாத உயரத்துக்கு வளரும் வரை உள்ளே விடக்கூடாது. 3, 4 ஹெக்டருக்கு ஒரு மாடு என்ற கணக்குக்குள் இருப்பது நல்லது. மின்வேலி போட்டு, ஒரு பகுதியில் சில நாள் மேய்த்து, பிறகு அந்த இடத்துக்கு ஏறக்குறைய 2 மாதம் ஓய்வு கொடுக்க வேண்டும். ஈர நிலத்தில் அதிக மாடுகள் நடந்தால் மண் இறுகிவிடும். செண்டுடுக் போன்ற கட்டைச் செடிகளை மாடு தொடாது. அவற்றை ஆள் வைத்துத்தான் வெட்ட வேண்டும்.

விடுமுறைக்கு வீட்டுக்குச் சென்றிருந்தபோது இந்தப் பாடத்தைப் பாட்டியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்கா பாப்பா யூனிவர்சிட்டிக்குப் போன?" என்றார். பிறகு அவரே தம் பாடத்தைத் தொடங்கினார்.

"காலையில மாட்ட தீம்பாருக்குள்ள விடமாட்டோம். மங்குல பாலு இருக்கும், தட்டிவிட்டுரும். பாலெல்லாம் எடுத்து ஸ்டோர்ல ஊத்திட்டு வந்தப்புறம்தான் ஓட்டிட்டுப் போவோம். நேத்து மேஞ்ச நெரைக்கு இன்னிக்குப் போகக்கூடாது. புல்லு வேரோட போயிரும். கன்னு மரம் இருக்கிற பக்கம் தலைவச்சே படுக்கமாட்டோம். மருந்தடிக்கிற பொம்பளைங்க எங்க லயத்துக்காரவுங்கதானே? நாளைக்கு எந்தப் பக்கம் அடிப்பீங்கன்னு முந்துன நாளே கேட்டு வச்சுக்குவோம்."

விரிவுரையில் நான் குறித்துக்கொண்டவற்றில் பாதி இந்தப் பேச்சில் அடங்கிவிட்டது. சுழற்சி மேய்ச்சல் என்ற பெயரைப் பாட்டி அறிந்ததில்லை; செய்துவந்தது அதைத்தான். மின்வேலிக்குப் பதிலாகக் கையில் ஒரு குச்சி இருந்தது.

பாட்டி குறிப்பிட்ட அந்த மருந்தடிக்கும் பெண்களைப் பற்றியும் இங்குச் சொல்ல வேண்டும். முதுகில் தோம்பைச் சுமந்து, களைக்கொல்லி அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் இனப் பெண்கள். அவர்கள் உடலில் இந்த நஞ்சு செய்த கேட்டை 2002ஆம் ஆண்டு தெனாகானித்தா அமைப்பு ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டில் அரசாங்கம் பாராகுவாட் மருந்துக்குத் தடை விதித்தது; 2006இல் தடையைத் தளர்த்தியது; 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. வேறு களைக்கொல்லிகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. மாடு மேயும் நிலத்தில் மருந்தடிப்பு குறைகிறது என்பதைப் பணக்கணக்காக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. மருந்து அடிக்கும் ஒருவருடைய கண்ணும் தோலும் நுரையீரலும் அந்தக் கணக்கில் சேர்ந்தவை.

2004இல் பாட்டியின் தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். மாடுகளை அப்புறப்படுத்தும்படி நிர்வாகம் அறிவிப்பு ஒட்டியது. பாட்டி தம் ஏழு மாடுகளையும் ஒரே வாரத்தில், கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டார். நிர்வாகத்தின் பக்கமும் காரணம் இல்லாமல் இல்லை. கட்டுப்பாடின்றித் திரிந்த சில மாடுகள் இளம் செம்பனைகளைக் கடித்தன. சில இரவில் சடக்கில் படுத்துக் கிடந்தன. யாருக்கு எத்தனை மாடு என்ற பதிவும் இல்லை. ஆயினும், இளம் மரங்கள் வளரும் வரை மாடுகளுக்கு வேறு ஓரிடம் ஒதுக்கி, எண்ணிக்கையை வரையறுத்து, பிறகு மேய்ச்சலுக்கு அனுமதித்திருக்கலாம். அப்படி ஒரு பேச்சுவார்த்தை நடக்கவே இல்லை. மாடு வளர்த்தவர்களுக்கு நிலமும் சொந்தமில்லை, வீடும் சொந்தமில்லை. கேட்கும் உரிமை உண்டு என்று அவர்களுக்குச் சொல்லவும் ஆளில்லை.

நிறுவனம் வேலி போட்டுச் செய்தால் இதற்கு 'ஒருங்கிணைந்த வளர்ப்பு' என்று பெயர். தொழிலாளி செய்தபோது 'தொல்லை' என்று பெயர். இரண்டிலும் மாடு ஒன்றுதான், புல்லும் ஒன்றுதான். எண்ணிக்கை, எல்லை, அனுமதி ஆகிய மூன்றில்தான் வேறுபாடு. அந்த மூன்றையும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட முடியும் என்பதே என் கருத்து.

இவ்விதழை வாசிக்கும் முன்னாள் மாணவர்களில் தோட்ட நிர்வாகத்தில் பணிபுரிவோரும் கால்நடைத் துறையில் இருப்போரும் இருக்கக்கூடும். உங்களிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. இன்றும் சில தோட்டங்களை ஒட்டி நம்மவர்கள் மாடு வளர்க்கிறார்கள். அவர்களுக்கு அறிவிப்பு அனுப்புவதற்கு முன் ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். எந்த நிரையில் எப்போது புல் முளைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

உடன் பயிலும் நண்பர்களே, உங்கள் வீட்டிலும் மாடு வளர்த்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். எந்தச் செடியை மாடு தின்னும், எதைத் தின்றால் வயிறு ஊதும், மழைக்காலத்தில் எந்தப் பக்கம் ஓட்டினார்கள் என்று கேளுங்கள். என் பாட்டிக்கு இப்போது 76 வயது. அவர் சொன்னவற்றில் 11 பக்கம் எழுதி முடித்திருக்கிறேன். இன்னும் ஆடுகளைப் பற்றி அவர் பேசத் தொடங்கவில்லை.