சாக்கோட்டையில் எலி வேட்டை

காரைக்குடிப் பக்கம் சாக்கோட்டைக்கு வீரசேகரர் கோயிலைக் காண வருவோர், அறுவடைக்குப் பின் கண்மாய்ப் பாசன வயல்களில் எலி வேட்டையையும் பார்க்கலாம். மழையை நம்பிய ஒருபோக நெல். எலி தின்றால் வருடச் சாப்பாட்டில் துண்டு விழும்.

முந்தின மாலையே வளைகளை மண்ணால் அடைத்துவிட வேண்டும். காலையில் திறந்திருப்பவற்றில்தான் எலி உண்டு. மற்றதை வெட்டினால் வரப்புதான் பாழ். ஒரு வாயில் வைக்கோல் புகை, மறு வாயில் வலை. கையை மட்டும் உள்ளே விடக்கூடாது, எலியைத் தேடிப் பாம்பும் போயிருக்கும். வளைக்குள் கதிர் கதிராய்ப் பதுக்கிய நெல் வெளிவந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்!

பிடித்த எலியை எண்ணுவதைவிட, மாலையில் மீண்டும் அடைத்த வளைகள் விடிந்தும் மூடியே கிடப்பதுதான் மனநிறைவு. அகல வரப்பு எலிக்கு வீடு. வெட்டியதைக் குறுக்கிக் கட்டலாம். பக்கத்து வயல்காரரையும் அன்றே கூப்பிட்டுவிடலாம்.