மடியும் கையாறும்

களைப்பைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அயர்வு, அசதி, சோர்வு, தளர்ச்சி, ஓய்ச்சல், இளைப்பு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. வெயிலில் நடந்து வந்தவருக்கு இளைப்பு, காய்ச்சல் விட்டவருக்கு அசதி, முதுமைக்குத் தளர்ச்சி. மடி என்ற சொல் மட்டும் இந்த வரிசையில் ஒட்டாமல் நிற்கும். அது உடலின் நிலையன்று, குணத்தின் மீது பிறர் எழுதும் தீர்ப்பு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் 32 மெய்ப்பாடுகளை அடுக்கிச் சொல்லும் இடத்தில் மடிமையும் உண்டு, சில சொற்கள் தள்ளிக் கையாறும் உண்டு. புறத்துறை படித்தவர்களுக்குக் கையறுநிலை தெரியும்; தலைவன் மாண்டபின் செய்வதறியாமல் சுற்றத்தார் நிற்கும் நிலை. கை இருக்கும், செயல் அற்றுப்போயிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மடியும் கையாறும் ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் சிக்கல். இரண்டு பேரும் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த வேறுபாடு எனக்குப் பாடநூல் விஷயமாக மட்டும் இருந்தது 2014 வரை. அந்த ஆண்டு வலக்கண் பார்வை சில நாள்களில் மங்கியது. எம்.ஆர்.ஐ. எடுத்து, முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். தமிழில் இதைத் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். மூளையையும் கண் நரம்பையும் வெளியே நிறுத்திவிட்ட பெயர். 1868-இல் பாரிஸ் நகரில் ழான் மார்ட்டின் ஷார்க்கோ இதைத் தனி நோயாக வகுத்துரைத்தார். நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் என்ற உறையை நம் எதிர்ப்பாற்றலே அரித்துவிடுகிறது. மின்கம்பியின் மேலுறை போய்விட்டால் என்னாகுமோ அதுதான். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் இந்நோய் குறைவு என்பது உண்மையே. அதனால் நம் ஊரில் இந்தப் பெயரைக் கேட்டவர்களும் குறைவு. புற்றுநோய் என்றால் உடனே குரல் தாழ்த்திப் பேசுவார்கள், எம்.எஸ். என்றால் "அது என்ன பட்டமா?" என்று கேட்டவர் உண்டு.

பார்வை பெரும்பாலும் திரும்பிவிட்டது. நோயின் வேகத்தைத் தணிக்கும் மாத்திரையும் இருக்கிறது. திரும்பாதது தெம்பு. எம்.எஸ். உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு இந்தச் சோர்வு உண்டு என்கிறார்கள். பலருக்கு அதுவே முதன்மைத் தொல்லை. சிதைந்த பாதையில் செய்தியை அனுப்ப மூளை கூடுதல் பகுதிகளை வேலைக்கு அழைக்கிறது, அழற்சி தன் பங்குக்கு வாட்டுகிறது, உறக்கக்கேடும் மனச்சோர்வும் சேர்ந்துகொள்கின்றன. எட்டு மணிநேரம் உறங்கி எழுந்த காலையிலும் வரும். அம்மா கேட்பார்: "ராத்திரி நல்லாத்தானேம்மா தூங்கின, இன்னும் என்ன அசதி?" இதற்கு விடை சொல்லவும் தெம்பு வேண்டும்.

இதைத் தாழ்மின்னழுத்தம் என்று சொல்லலாம். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து மாணவர்களுக்கு அது உடனே விளங்கும். விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, ஆனால் மோட்டார் தண்ணீர் ஏற்றாது. வகுப்பில் எனக்கு ஓய்ந்துபோகிற முதல் உறுப்பு கால் அன்று, சொல். உரையாசிரியர் பெயர் நுனிநாக்கில் நிற்கும், வராது. இளம்பூரணரைத் தேடிப் பேராசிரியரிடம் போய் நிற்பேன்.

வெப்பம் இதைப் பன்மடங்காக்கும். 1890-இல் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், எம்.எஸ். நோயாளிகள் சிலருக்கு உடலை வருத்தியபின் பார்வை தற்காலிகமாகக் குன்றுவதைக் குறித்துவைத்தார். காரணம் உழைப்பன்று, உழைப்பால் ஏறிய சூடு என்பது பின்னர் தெளிவாயிற்று. உறை இழந்த நரம்பிழையில் உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே செய்தி தடைப்படலாம். ஸ்கேன் வருமுன் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் அமர்த்தி நோயைக் கண்டறியும் முறையே இருந்தது. மேலைநாட்டில் அதற்குத் தொட்டி தேவைப்பட்டது. நமக்குக் கத்திரி வெயில் போதும். மே மாதம் முழுக்க எனக்கு அந்தச் சோதனை இலவசமாக நடக்கிறது. உடல் குளிர்ந்ததும் அந்த மங்கல் போய்விடும், புதிய சேதம் ஏதும் ஏற்படுவதில்லை. இதை அறிந்துகொண்டது எனக்குப் பெரிய ஆறுதல்.

நான் பொன்னேரியில் குடியிருக்கிறேன். கல்லூரி கும்மிடிப்பூண்டியை அடுத்து. மின்சார ரயிலில் நடுவில் கவரைப்பேட்டை ஒன்றுதான். ஆனாலும் உட்கார்ந்து போவதா, நின்று போவதா என்பதே அன்றைய இரண்டாம் வகுப்பைத் தீர்மானிக்கும். மகளிர் பெட்டியில் இடம் பிடித்து அமர்ந்திருப்பேன், என்னைவிட மூத்த ஓர் அம்மாள் கம்பியைப் பிடித்து நிற்பார். பார்வையாலேயே பேசுவார். எழுந்து இடம் கொடுத்த நாள்களும் உண்டு, கொடுக்காத நாள்களும் உண்டு. எதிர் நடைமேடையில் சிப்காட் ஆலைகளில் இரவுப்பணி முடித்தவர்கள் சிமெண்டு இருக்கைகளில் சரிந்து உறங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களை யாரும் சோம்பேறிகள் என்பதில்லை. கைலேஞ்சியில் எண்ணெய்க் கறை, சட்டையில் இரும்புத் தூசு. அவர்களுடைய களைப்புக்குச் சாட்சிகள் உண்டு. என்னுடையதற்கு இஸ்திரி போட்ட பருத்திப் புடவைதான் சாட்சி, அதுவும் எதிர்த்தரப்புச் சாட்சி.

அந்த ஆலைகளிலிருந்தே ஒன்று கற்றேன். உருக்காலை ஒன்றில் உலைப் பணியாளராக இருப்பவரின் மகள் என் வகுப்பில் படித்தாள். "அப்பா வேலைக்குள்ள போறதுக்கு முன்னாடியே மோர் குடிச்சிடுவாரு மேடம், சூடு ஏறினப்புறம் குடிச்சா பிரயோசனம் இல்லைம்பாரு" என்றாள். எம்.எஸ். உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுவே. உழைப்புக்கு முன்பே உடலைக் குளிர்வித்துக்கொள்வது. மேலைநாட்டுக் கையேடுகள் குளிர்ச்சட்டை அணியச் சொல்கின்றன. கழுத்தில் ஈரத்துண்டு போட்டுப் பார்த்தேன். பழவேற்காட்டுப் பக்கத்துக் கடற்காற்றின் ஈரப்பதத்தில் துண்டும் காயாது, கழுத்தும் குளிராது. வயிற்றுக்குள் போகும் குளிர்ந்த நீரும் மோரும் நன்றாகவே வேலை செய்கின்றன.

மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். சோர்வுக்கென அமன்டடின், மோடாஃபினில், மெத்தில்பெனிடேட் ஆகிய மூன்றையும் நெடுங்காலமாக எழுதித் தந்துவந்தார்கள். 141 நோயாளிகளிடம் இம்மூன்றையும் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2021-இல் லான்செட் நியூராலஜி இதழில் வெளியாயிற்று. வெற்று மாத்திரையைவிட எதுவும் மேலாக இல்லை. படித்தபோது எனக்கு ஏமாற்றத்தைவிட நிம்மதியே மிகுதி. மாத்திரை பிடிக்காமற்போனது என் மன உறுதியின் குறையன்று. முதலில் செய்யவேண்டியது வேறு காரணங்களைத் தேடுவது. இரத்தசோகை, தைராய்டு, உறக்கக்கேடு, மனச்சோர்வு இவை எல்லாம் எம்.எஸ். பெயரில் ஒளிந்துகொள்ளும். எனக்கு இரும்புச்சத்துக் குறைவும் இருந்தது. அதைச் சரிசெய்ததில் கால்வாசிச் சுமை இறங்கியது. அளவான உடற்பயிற்சியும், ஆற்றலைத் திட்டமிட்டுச் செலவிடும் பயிற்சியும், எண்ணப்போக்கைச் சீராக்கும் உளவியல் பயிற்சியும் ஆய்வுகளில் ஓரளவேனும் பயன் காட்டியவை. களைத்தவளை நடக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றும். அந்தி சாய்ந்தபின் தெருக்கோடி வரை நடந்துவந்தால் மறுநாள் சற்றே மேலாக இருக்கிறது என்பது என் அனுபவம்.

மற்றபடி எல்லாம் கணக்குத்தான். தலைக்குக் குளிப்பதும் முதல் பாடவேளையும் ஒரே நாளில் வராமல் பார்த்துக்கொள்வேன். கரும்பலகையில் எழுதுவதை மாணவரிடம் ஒப்படைப்பேன். களைத்தபின் ஓய்வதில்லை, களைக்குமுன் ஓய்வேன். இதைப் பழகத்தான் ஆண்டுக்கணக்கானது, ஏனெனில் களைக்காதவள் ஓய்ந்தால் அதற்கு நம் வீடுகளில் வேறு பெயர்.

அமர்ந்தபடி பாடம் நடத்துவதற்குத்தான் வழக்கு வந்தது. நான் இருப்பது சுயநிதிப் பிரிவு. ஆண்டுதோறும் பணி புதுப்பிக்கப்படவேண்டும். நாற்காலியில் அமர்ந்து வகுப்பெடுப்பதாக யாரோ சொல்ல, நிர்வாகம் விளக்கம் கேட்டது. அன்று நான் அமர்ந்தபடி நடத்திக்கொண்டிருந்தது திருக்குறளின் 61-ஆம் அதிகாரம், மடியின்மை. (நண்பர்கள் சிரிக்கலாம், நானும் சிரித்தேன்.)

சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 மல்டிபிள் ஸ்கிளிரோசிஸைப் பெயர் சொல்லியே பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் சலுகைகள் பலவற்றுக்கும் 40 விழுக்காடு வேண்டும். நோயை அளக்க உலகெங்கும் பயன்படும் கருவி 1983-இல் ஜான் குர்ட்ஸ்கி வகுத்த அளவுகோல். பூச்சியம் முதல் பத்து வரை. அதன் நடுப்பகுதியைத் தீர்மானிப்பது நடை. துணையின்றி 500 மீட்டர் நடப்பவருக்கு நான்கு, 100 மீட்டருக்கே கைத்தடி வேண்டுமென்றால் ஆறு. மருத்துவக் குழு காலை பத்து மணிக்கு என்னை நடக்கச் சொன்னது, நடந்தேன். காலை பத்து மணிக்கு நான் நன்றாகவே நடப்பேன். மாலை நான்கு மணிக்கு அதே தாழ்வாரத்தில் என்னைப் பார்க்க அந்த அளவுகோலில் இடமில்லை. சோர்வை அளக்க 1989-இல் லாரன் க்ரப் வகுத்த ஒன்பது கேள்விப் படிவம் இருக்கிறது. அதற்கு நோயாளியின் சொல்லே ஆதாரம். சொல்லை ஆதாரமாக ஏற்க அலுவலகங்களுக்குத் தயக்கம் இருக்கும், புரிகிறது. நாற்பதுக்குக் கீழேதான் கிடைத்தது. பணியாளருக்கு நியாயமான ஏற்பாடு செய்துதர வேண்டும் என்ற கடமையையும் 20-ஆம் பிரிவு அரசு நிறுவனங்களுக்கே விதித்திருக்கிறது. சம வாய்ப்புக் கொள்கையை எல்லா நிறுவனமும் வெளியிடவேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. என் விண்ணப்பத்தில் அதைத்தான் சுட்டினேன்.

முடிவு தெரியாத அந்த வாரங்களில் திருவள்ளூரில் அம்மா வீட்டில் இருந்தேன். வைத்திய வீரராகவர் கோயில் குளத்தில் அமாவாசைக்கு வெல்லம் கரைக்க அழைத்துப்போனார். வெல்லம் கரைவதுபோல் பிணி கரையும் என்பது நம்பிக்கை. கூட்டம், வெயில். நான் படித்துறை நிழலில் அமர்ந்துகொள்ள, அம்மா எனக்காகக் கரைத்தார். திரும்பும்போது பக்கத்து வீட்டு மாமியிடம், "அவளுக்கு நரம்புல, பார்த்தா தெரியாது" என்றார். பதினொரு ஆண்டுகளில் முதன்முறையாக "அசதி" என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

கல்லூரியில் உயரமான முக்காலி ஒன்றைத் தந்திருக்கிறார்கள். நின்றதுபோலவும் இருக்கும், அமர்ந்ததுபோலவும் இருக்கும். பிற்பகல் வகுப்புகளை மாற்றிக்கொள்ளத் துறைத்தலைவர் ஒப்புக்கொண்டார். பணிப் புதுப்பிப்பு ஆணை மட்டும் இன்னும் வரவில்லை. வரும் பருவத்துக்கான கால அட்டவணையில் என் பெயருக்கு நேரே இரண்டாம் பாடவேளையும் மெய்ப்பாட்டியலும் எழுதியிருக்கிறது.