காலம் தாண்டிப் போன தாதி

காதல் நாவல் என்றால் நம்மில் பலருக்கு ஓர் ஏளனம் உண்டு. தீவிர வாசகர்கள் அதனைத் தொடுவதில்லை. தொட்டாலும் வெளியில் சொல்வதில்லை. நான் சொல்லிவிடுகிறேன். டயானா கபல்டனின் 'அவுட்லேண்டர்' என்ற ஆங்கில நாவலை இரண்டு தடவைகள் வாசித்திருக்கிறேன். சின்ன எழுத்தில் எண்ணூறு பக்கங்களையும் தாண்டி நீளும் புத்தகம் அது. "இந்த வயசிலயா உம்மா காதல் கதை?" என்று மகள் சிரித்தாள். நான் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தாதியாக முப்பத்திரண்டு வருடங்கள் வேலை செய்து ஓய்வு பெற்றவள். அந்த நாவலின் நாயகியும் ஒரு தாதி. என்னைப் பிடித்து வைத்திருந்ததில் காதலுக்கு எவ்வளவு பங்கோ, அவளது தொழிலுக்கும் அவ்வளவு பங்கு.

கதை இதுதான். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையின் தாதியாகப் பிரான்சில் பணியாற்றிய கிளெயார், போர் முடிந்த கையோடு கணவன் ஃபிராங்குடன் ஸ்கொட்லாந்தின் இன்வர்னஸ் நகருக்கு ஓய்வுக்காக வருகிறாள். ஆறு வருடப் போர் அவர்களைப் பிரித்து வைத்திருந்தது. அங்கே குன்றின் மேல் வட்டமாக நிற்கும் பழங்காலக் கற்களில் ஒன்றைத் தொடுகிறாள். கண் விழித்துப் பார்த்தால் 1743ஆம் ஆண்டு. மலைநாட்டுக் குலத்தாரிடம் அகப்படுகிறாள். ஆங்கிலப் படைத் தலைவன் ஒருவனிடமிருந்து தப்புவதற்காக ஜேமி பிரேசர் என்ற இளைஞனை மணக்கிறாள். அந்தப் படைத் தலைவன் வேறு யாருமல்ல, ஃபிராங்கின் மூதாதை. முகமும் அதே முகம்.

இந்த நாவல் பிறந்த கதையும் சுவையானது. கபல்டன் அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த விஞ்ஞானி. சூழலியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். நாவல் எழுதுவது எப்படி என்று தனக்குத்தானே பழகிப் பார்க்க 1988இல் எழுதத் தொடங்கினார். 'டொக்டர் ஹூ' என்ற பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரின் பழைய அங்கம் ஒன்றில் பாவாடை போன்ற மலைநாட்டு உடை அணிந்த இளைஞனைக் கண்டதுதான் பொறி. அப்போது அவர் ஸ்கொட்லாந்தை நேரில் பார்த்ததே இல்லை. நூலகத்துப் புத்தகங்களை வைத்தே அந்த நாட்டைக் கட்டினார். 1991இல் வெளிவந்த முதல் நூலைத் தொடர்ந்து 2021 வரை ஒன்பது பெரும் பாகங்கள் வந்துவிட்டன.

முதல் வாசிப்பில் நான் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் ஜேமியின் தோள்மூட்டு. அது விலகிக் கிடக்கிறது. சுற்றி நிற்கும் ஆண்கள் பலத்தால் அதைத் திருப்பப் பார்க்கிறார்கள். இப்படிச் செய்தால் கை முறிந்துவிடும் என்று கிளெயார் தடுத்து, கையைத் தானே பிடித்து, முறைப்படி திருப்பி மூட்டை உள்ளே விழுத்துகிறாள். எந்த நூற்றாண்டில் வந்து விழுந்திருக்கிறோம் என்று தெரியாத பெண். ஆனால் கைக்கு வேலை தெரிந்திருக்கிறது. பிறகு அவனது காயத்துக்கு அயடின் கேட்கிறாள். எல்லோரும் விழிக்கிறார்கள். அயடின் கண்டுபிடிக்கப்பட்டது 1811இல்தானே! கடைசியில் சாராயம் காயத்தைக் கழுவுகிறது. மருந்து தட்டுப்பாடான வார்டில் வேலை செய்த எவருக்கும் அந்தப் பக்கம் சிரிப்பையும் பெருமூச்சையும் சேர்த்தே தரும்.

பெனிசிலின் 1928இல் வந்தது. அதைக் கண்டவர் அலெக்சாண்டர் பிளெமிங், ஸ்கொட்லாந்துக்காரர். பழமும் கீரையும் இல்லாததால் வரும் முரசு நோயை எலுமிச்சையும் தோடம்பழமும் மாற்றும் என்று கப்பலில் பன்னிரண்டு பேரை வைத்துச் சோதித்த ஜேம்ஸ் லிண்டும் அந்த நாட்டவரே; அது 1747இல். பெரியம்மைக்கு ஜென்னர் பால் குத்தியது 1796இல். இந்த ஆண்டுகளை அறிந்தவர்கள், சூனியக்காரி என்று குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு பெண்ணின் கையில் அம்மைப்பால் தழும்பைக் கிளெயார் காணும் இடத்தில் திடுக்கிடுவார்கள். ஒரு தழும்பு போதும், அவளும் வேறொரு காலத்திலிருந்து வந்தவள் என்பதைச் சொல்லிவிட!

இவ்வளவு அறிவையும் கொண்டு போனவளிடம் இன்னொரு அறிவும் இருக்கிறது. 1746 ஏப்ரல் 16ஆம் திகதி கலொடன் வெளியில் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். சார்ள்ஸ் எட்வேர்ட் ஸ்டுவர்ட் என்ற இளவரசனை நம்பி எழுந்த மலைநாட்டுப் படை அங்கே ஒரு மணித்தியாலத்துக்குள் அழிந்தது. 1,500 முதல் 2,000 பேர் வரை மாண்டும் காயமுற்றும் விழுந்தார்கள். அந்த ஆண்டே வந்த சட்டம் அவர்களது குல உடையையும் தடை செய்தது. 1782இல்தான் அது நீங்கியது. சோறு போட்டவர்கள், காயத்துக்குக் கட்டுப் போடக் கையை நீட்டியவர்கள், தன் கணவனே கூட, அந்தத் திகதியை நோக்கி நடந்து கொண்டிருப்பதைக் கிளெயார் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாம் பாகத்தில் அவளும் ஜேமியும் அதைத் தடுக்கப் படாத பாடு படுகிறார்கள். முடியவில்லை. தோளை மூட்டத் தெரிந்த கைக்கு ஒரு போரை நிறுத்தத் தெரியவில்லை.

எனக்கு இது கற்பனையாகப் படவில்லை. வார்டில் சிலரைக் கண்டதுமே முடிவு எங்களுக்கு விளங்கிவிடும். "மிஸி, வாப்பா சுகமாகிடுவார்தானே?" என்று கதவருகே ஒரு பிள்ளை கேட்கும். டொக்டர் வரட்டும் மகன் என்று சொல்லிவிட்டு, அந்த வாப்பாவின் படுக்கை விரிப்பை மாற்றப் போவேன். முடிவு தெரியும் என்பதற்காக விரிப்பை மாற்றாமல் விடுகிறோமா? வாய்க்குத் தண்ணீர் நனைத்துக் கொடுக்காமல் விடுகிறோமா? கிளெயாரும் அப்படித்தான். கலொடன் வருமென்று தெரிந்துகொண்டே காய்ச்சல்காரனுக்குக் கஷாயம் வைக்கிறாள். கற்களின் ஊடாகத் திரும்பிப் போக ஜேமியே வழிகாட்டி விடுகிறான், அவள் போகவில்லை. காதலுக்காக நின்றாள் என்று நாவல் சொல்கிறது. உண்மைதான். ஆனால் பாதியில் வார்டை விட்டுப் போக மனம் வராத தாதி ஒருத்தியையும் நான் அதில் கண்டேன்.

எல்லாப் பக்கங்களையும் நான் இரசித்தேன் என்று சொல்ல மாட்டேன். சொல் கேளாததற்காக ஜேமி அவளை வாரால் அடிக்கும் ஓர் இடம் வருகிறது. அக்காலத்து வழக்கம் அது என்பது உண்மையாக இருக்கலாம். அவள் ஆத்திரப்படுகிறாள், இனி ஒருபோதும் கை வைக்க மாட்டேன் என்று அவனும் சத்தியம் செய்கிறான். ஆனாலும் அந்த இடத்தில் ஆசிரியர் கலந்திருக்கும் வேடிக்கை என் தொண்டையில் இறங்கவில்லை. "வழுக்கி விழுந்திட்டன் மிஸி" என்று சொல்லி வந்த எத்தனை மனைவியரின் முதுகைத் துடைத்திருக்கிறேன்! அவர்களில் எவரும் சிரித்ததை நான் காணவில்லை. இரண்டாம் வாசிப்பிலும் அந்தப் பக்கங்கள் எனக்குக் கசந்தன.

அதே ஆசிரியர்தான் நூலின் இறுதியில் வேறொன்றைச் செய்கிறார். சிறையில் அந்தப் படைத் தலைவனின் கொடுமைக்கு ஆளாகி ஜேமி உடலும் மனமும் நொறுங்கிப் போகிறான். காதல் கதையின் வீரன் வாளெடுத்து வென்று வருவான் என்பதே வழக்கம். இங்கே அவன் வெட்கத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுகிறான். உடைந்த கைவிரல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டும் கிளெயார், உள்ளே உடைந்ததற்கு மருந்தறியாமல் தவிக்கிறாள். ஆண் பிள்ளைக்கும் இப்படி நேரலாம் என்பதை வாய்விட்டுச் சொல்லாத சமூகங்களில் இந்த அத்தியாயங்கள் வாசிக்கப்பட வேண்டியவை. வாசிப்பவர் மனத்திடத்தோடு வாசிக்கட்டும்.

இன்று கலொடன் வெளியில் குலங்களின் பெயர் பொறித்த கற்கள் இருக்கின்றன, 1881இல் நாட்டப்பட்டவை. பிரேசர் குலத்துக் கல்லைத் தேடி இந்த நாவலின் வாசகர்கள் போய்ப் பூ வைக்கிறார்கள். இல்லாத ஒருவனுக்காகப் பூவா என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. அந்தக் கல்லின் கீழ் கிடப்பவர்கள் இருந்தவர்கள். பெயரும் முகமும் அறியப்படாத அவர்களிடம் ஒரு கூட்டத்தைப் பூவோடு அனுப்பி வைத்திருப்பது ஒரு காதல் நாவல். மூன்றாம் பாகத்தை மகளே தேடி வாங்கி வந்து தந்திருக்கிறாள். தனக்கு முதலாம் பாகத்தை எடுத்து வைத்துக்கொண்டாள்.